டாக்கில் 'காலி'யாகத் தெரிந்த 4 டிபி ஹார்ட் டிஸ்க்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருமணப் படம், வீடியோ வேலை எடுக்கும் ஒரு சிறிய ஸ்டூடியோ. உரிமையாளரும் இரண்டு உதவியாளர்களும் இருக்கிறார்கள். பழைய வேலைகள் ஐந்து ஹார்ட் டிஸ்க்குகளில் கிடந்தன. ஓரங்கட்டிய அசெம்பிள் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய 3.5 அங்குல 1 டிபி சாட்டா (இப்போது வழக்கத்தில் உள்ள டிஸ்க் இணைப்பு வகை) டிஸ்க் இரண்டு, அதற்கும் முந்தைய இணைப்பு வகையான ஐடிஇயில் 80 ஜிபி டிஸ்க் ஒன்று, லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டபோது மிஞ்சிய 2.5 அங்குல 1 டிபி டிஸ்க் ஒன்று. ஐந்தாவது, தனி பவர் அடாப்டரோடு மேஜையில் வைத்துப் பயன்படுத்தும் 4 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்.

சரக்கில் பெரும்பகுதி அந்த ஐந்தாவதில்தான் இருந்தது. வாடிக்கையாளர் பெயரும் முகூர்த்தத் தேதியும் போட்ட ஃபோல்டர்களாக ஏறக்குறைய 2.6 டிபி. வேறெங்கும் நகல் இல்லை. கேபிள் மேல் யாரோ இடறியதில் அதன் யூஎஸ்பி சாக்கெட் போர்டோடு பிய்ந்து வந்துவிட்டது. உதவியாளர் ஒருவர் கேசிங்கைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது சாதாரண சாட்டா டிஸ்க். அதன் நுனியில் விரல் நீளத்துக்கு, சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் ஒரு சிறிய பிரிட்ஜ் போர்டு. போர்டைக் கழற்றிவிட்டு டிஸ்க்கை மட்டும் டாக்கில் (டிஸ்க்கை அப்படியே செருகி யூஎஸ்பி வழியாகப் படிக்க உதவும் பெட்டி) செருகிப் படித்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். நினைப்பில் தவறில்லை, பெரும்பாலான டிஸ்க்குகளில் இது நடக்கும். கழற்றிய போர்டை அவர் குப்பையில் போடாமல் கேசிங்கோடு எடுத்து வைத்ததும் நல்லதாயிற்று.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்க 8 டிபி டிஸ்க் ஒன்று, இரண்டு டிஸ்க் செருகக்கூடிய யூஎஸ்பி 3.0 டாக் ஒன்று, ஐடிஇ-சாட்டா இரண்டுக்கும் ஆகும் கேபிள் அடாப்டர் ஒன்று வாங்கினார்கள்.

முதலில் தெரிந்த கோளாறுகள்

டாக்கோடு வந்த பவர் அடாப்டர் 12 வோல்ட், 3 ஆம்பியர். அது வேறிடத்தில் இருந்ததால், சிசிடிவி கேமராவுக்கு வாங்கிய 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரைப் போட்டார்கள். பின் ஒன்றேதான், வோல்ட்டும் ஒன்றேதான். ஆனால் 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில வினாடிகளில் 12 வோல்ட் பக்கம் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வேகம் பிடித்த பிறகுதான் அதில் கால் பங்குக்குக் கீழே இறங்கும். அதனால் டிஸ்க் 'உய்ங்' என்று வேகம் எடுக்கும், பாதியில் நிற்கும், மறுபடி எடுக்கும். இந்தச் சத்தத்தைக் கேட்டால் டிஸ்க் செத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். சரியான அடாப்டர் வந்ததும் சத்தம் நின்றது. இதற்கு நேரெதிரான தவறு இன்னும் கொடியது: லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர்களில் சிலவற்றின் பின்னும் டாக்கின் சாக்கெட்டில் பொருந்திவிடும். செருகிய கணத்தில் டாக் போகும், டிஸ்க்கின் மின்பலகையும் சேர்ந்து போகக்கூடும்.

லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்கைக் கேபிள் அடாப்டரில் மாட்டி, கம்ப்யூட்டரின் முன்பக்க யூஎஸ்பி போர்ட்டில், நடுவில் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளும் போட்டுச் செருகினார்கள். 'டிக், டிக்' என்ற மெல்லிய சத்தம். விண்டோஸில் இணைந்த ஒலியும் துண்டித்த ஒலியும் மாறி மாறி வந்தன. 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் மட்டும் போதும், ஆனால் தொடக்கத்தில் 1 ஆம்பியர் வரை கேட்கும். யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. நீண்ட மெல்லிய கேபிளில் வோல்ட்டும் இறங்கிவிடும். அதே டிஸ்க்கைத் தனி மின்சாரம் உள்ள டாக்கில் செருகியதும் ஒரு சிக்கலும் இல்லாமல் படித்தது. டாக்கின் வாய் 2.5 அங்குலத்துக்கும் பொருந்தும் என்பது உதவியாளர்களுக்குத் தெரியாது. பெரிய திறப்புக்குள்ளேயே சிறியதற்கான மடிப்புக் கதவு இருந்தது.

80 ஜிபி ஐடிஇ டிஸ்க் தெரியாததற்குக் காரணம் பின்னால் இருந்த ஜம்பர் என்ற சிறு செருகி. பழைய கம்ப்யூட்டரில் ஸ்லேவாக, அதாவது ஒரே கேபிளில் இரண்டாவதாக இருந்த டிஸ்க் அது. ஜம்பரை மாஸ்டருக்கு, அதாவது முதல் டிஸ்க் என்ற நிலைக்கு மாற்றியதும் தெரிந்தது. இந்த வகை அடாப்டர்களோடு வரும் பவர் செங்கல் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் சேர்த்துத் தரும் உருண்டைப் பின் கொண்டது. பின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், ஆகவே ஒன்றின் செங்கலை இன்னொன்றில் போடவே கூடாது.

'ஃபார்மட் செய்யவா?'

பெரிய குழப்பம் அடுத்து வந்தது. டாக்கின் முதல் வாயில் 1 டிபி டிஸ்க்கிலிருந்து நகல் ஓடிக்கொண்டிருந்தபோது, நேரம் மிச்சமாகட்டும் என்று இரண்டாவது வாயில் 4 டிபி டிஸ்க்கைச் செருகினார்கள். ஓடிக்கொண்டிருந்த நகல் பாதியில் அறுந்தது. அடுத்த சில வினாடிகளில், இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று விண்டோஸ் கேட்டது.

இரண்டும் வெவ்வேறு காரணத்தால் நடந்தவை. இரண்டு வாய் டாக்குகள் பலவற்றில் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே பிரிட்ஜ் சிப்தான். ஒன்றைச் செருகினாலும் உருவினாலும் சிப் ரீசெட் ஆகி மற்றதும் துண்டிக்கப்படும். இந்த டாக்கும் அப்படித்தான். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால், டாக் இரண்டு டிஸ்க்கையும் கெடுத்துவிட்டது என்று ஸ்டூடியோவில் முடிவுகட்டினார்கள்.

உதவியாளர் 'கேன்சல்' அழுத்திவிட்டு டாக்கின் ஸ்விட்சை அணைத்தார். இந்த நிகழ்வில் மிக முக்கியமான முடிவு இதுதான். டாக்கின் முகப்பில் 'குளோன்' பட்டனும் இருந்தது. இன்னொரு டிஸ்க்கில் அப்படியே நகல் எடுத்துவிட்டால் பாதுகாப்பு என்று அதை அழுத்தும் பேச்சும் நடந்தது. அழுத்தவில்லை. எந்த வாய் மூலம், எந்த வாய் இலக்கு என்பது டாக்கின் பின்புறம் மிகச் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. மாற்றிச் செருகியிருந்தால் வெற்று டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு மீட்க எதுவும் இருந்திருக்காது.

பக்கத்துக் கடையில் கேட்டபோது, ஃபார்மட் செய்துவிட்டு ரெகவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். உரிமையாளர் ஒப்பவில்லை. தெரிந்த சர்வீஸ்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். வந்தவர் முதலில் கேட்டது, "அண்ணே, இதுக்கப்புறம் எதுலயாவது 'ஓகே' அழுத்தினீங்களா?"

எட்டில் ஒரு பங்கு

அவர் டாக்கில் 4 டிபி டிஸ்க்கை மட்டும் செருகி, ஃபார்மட் கேள்வியை மறுபடி ரத்து செய்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தார். அங்கே மூன்று கட்டங்கள் தெரிந்தன. முதலாவது 465.75 ஜிபி, வகை 'ரா', அதாவது கோப்பு முறை எதுவும் விண்டோஸுக்கு அடையாளம் தெரியாதது. இரண்டாவது 1582.25 ஜிபி, ஒதுக்கப்படாதது. மூன்றாவது 1678.02 ஜிபி, அதுவும் ஒதுக்கப்படாதது. கூட்டினால் 3726.02 ஜிபி; 4 டிபி டிஸ்க்குக்கு விண்டோஸ் காட்ட வேண்டிய சரியான அளவு. அதாவது டாக் டிஸ்க்கை முழுமையாகத்தான் பார்க்கிறது.

கொள்ளளவைச் சரிபார்த்ததற்கு வலுவான காரணம் உண்டு. பழைய டாக்குகள் சிலவற்றின் சிப், செக்டர் (டிஸ்க்கில் படிக்கவும் எழுதவும் ஆகும் மிகச் சிறிய அலகு) எண்ணை 32 பிட்டில் மட்டும் கையாளும், 2.2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. அவற்றில் 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று தெரியும். அந்த நிலையில் ஒரு கோப்பை எழுதினால்கூட அது தப்பான இடத்தில் போய் விழும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை என்பது உறுதியானது.

சர்வீஸ்காரரின் கண் நின்ற இடம் 465.75. அது 3726.02இல் சரியாக எட்டில் ஒரு பங்கு. பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து ஒதுக்கிய பகுதி) எதேச்சையாகக் கெட்டால் இவ்வளவு சுத்தமான விகிதம் வராது. செக்டருக்கு வழங்கும் இரண்டு அளவுகளான 512 பைட்டுக்கும் 4096 பைட்டுக்கும் உள்ள விகிதம் எட்டு. காரணம் அங்கேதான் இருந்தது.

பார்ட்டிஷன் அட்டவணை எழுதும் பழைய எம்பிஆர் முறையில் பார்ட்டிஷனின் தொடக்கமும் நீளமும் 32 பிட் எண்ணாக, செக்டர் கணக்கில் எழுதப்படும். செக்டர் 512 பைட் என்றால் எட்டக்கூடிய உச்சம் 2.2 டிபி. விண்டோஸ் எக்ஸ்பியின் 32 பிட் பதிப்பு, அடுத்து வந்த ஜிபிடி முறையில் உள்ள டிஸ்க்கைப் படிக்காது. அந்தக் கம்ப்யூட்டர்களிலும் 3 டிபி, 4 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகச் சில தயாரிப்பாளர்கள் கேசிங்கின் போர்டில் ஒரு மொழிபெயர்ப்பைச் செய்தார்கள். உள்ளே இருக்கும் டிஸ்க் 512 பைட் செக்டர் என்று சொன்னாலும், போர்டு எட்டு எட்டாகச் சேர்த்து 4096 பைட் செக்டர் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதே 32 பிட் எண்ணில் உச்சம் 17.6 டிபிக்குப் போய்விடும். அந்தப் போர்டு வழியாக எழுதிய பார்ட்டிஷன் அட்டவணை, அந்த மொழிபெயர்ப்பு இருக்கும்வரைதான் பொருள்படும். டிஸ்க்கை உருவி, 512 என்று நேராகச் சொல்லும் டாக்கில் செருகினால், அதே எண்கள் எட்டில் ஒரு பங்கு தூரத்தையே குறிக்கும்.

சரிபார்ப்பது எளிது. பார்ட்டிஷன் 256ஆவது செக்டரில் தொடங்குவதாக அட்டவணை சொன்னது. 4096 பைட் கணக்கில் அது 1,048,576ஆவது பைட். 512 கணக்கில் அந்த இடம் 2048ஆவது செக்டர். பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில், படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில், 256ஆவது செக்டரைத் திறந்தபோது வெறும் சுழியங்கள். 2048ஆவது செக்டரைத் திறந்ததும் வலப்பக்கப் பத்தியில் 'என்டிஎஃப்எஸ்' (NTFS, விண்டோஸின் கோப்பு முறை) என்ற நான்கு எழுத்துகள், செக்டர் அளவு எழுதும் இடத்தில் 4096. டிஸ்க் காலியாகவும் இல்லை, கெடவும் இல்லை.

அந்த எழுத்துகள் தெரிந்ததில் இன்னொரு நிம்மதி. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக், மை பாஸ்போர்ட் எக்ஸ்டர்னல் டிஸ்க் வரிசையின் பல மாடல்களில், பாஸ்வேர்ட் போடாவிட்டாலும் போர்டின் சிப் எல்லாவற்றையும் குறியாக்கித்தான் டிஸ்க்கில் எழுதும். இனிஷியோ 1607இ, ஜேமைக்ரான் 538எஸ் போன்ற சிப்புகள் அந்த வேலையைச் செய்பவை. அப்படி இருந்தால் 2048ஆவது செக்டரில் பொருளற்ற பைட்டுகள்தான் தெரியும். போர்டைப் பழுது பார்ப்பது அல்லது அதே வகைச் சிப் தேடுவதைத் தவிர வழி குறைவு. இங்கே குறியாக்கம் இல்லை.

முடிவுகளும் காரணங்களும்

நான்கு வழிகள் இருந்தன. பழைய போர்டில் சாக்கெட்டை மறுபடி பற்றவைக்கலாம். ஆனால் பிய்ந்தபோது போர்டின் செம்புத் தடங்களும் கிழிந்திருந்தன, ஆட்டம் கண்ட இணைப்பில் 2.6 டிபி நகல் எடுப்பது ஆபத்து. அதே மாடல் கேசிங்கைத் தேடி வாங்கலாம். கிடைத்தாலும் போர்டு பதிப்பு மாறியிருக்கலாம். ரெகவரி சாஃப்ட்வேரை முழு டிஸ்க்கையும் அலச விடலாம். செக்டர் அளவைத் தப்பாக எடுத்துக்கொண்டால் அது கோப்பு வகையை மட்டும் வைத்துத் தோண்டும், பெயரும் ஃபோல்டரும் போய் எண்ணிட்ட கோப்புகள் குவியும். படங்கள் கிடைத்தும் எது யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாவிட்டால் ஸ்டூடியோவுக்குப் பாதி இழப்புதான்.

நான்காவது வழியைத் தேர்ந்தார்கள்: டிஸ்க்கை செக்டர் செக்டராக ஒரு இமேஜ் கோப்பாக எடுப்பது, பிறகு அந்தக் கோப்பை 4096 பைட் செக்டர் கொண்ட டிஸ்க் போல லினக்ஸில் திறப்பது. மூல டிஸ்க்கின் மேல் எதுவும் எழுதப்படாது என்பதே இதன் பலம். எது தப்பினாலும் இமேஜிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

தொடங்குமுன் டிஸ்க்கின் உடல்நிலையை ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளைக் கொண்டு பார்த்தார்கள். கெட்டதால் மாற்றியமைத்த செக்டர் சுழியம். படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர் 16. இந்த டிஸ்க்கின் பரப்பில் உண்மையான செக்டர் 4096 பைட் என்பதால், 512 பைட் கணக்கில் வந்த 16 என்பது படிக்க முடியாத இரண்டே இரண்டு இடங்கள். சின்ன எண்தான், ஆனால் டாக்கின் குளோன் பட்டனை முழுதாக ஒதுக்க அதுவே போதும். அந்த வகைக் குளோன் படிக்க முடியாத இடத்தில் நின்றுவிடலாம், அல்லது எங்கே விட்டது என்று சொல்லாமலே தாண்டலாம்.

8 டிபி டிஸ்க்கை டாக்கில் போடாமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே மாட்டினார்கள். 4 டிபி இமேஜ், ஃபார்மட் செய்த இன்னொரு 4 டிபி டிஸ்க்கில் அடங்காது. இமேஜ் 4, வெளியே எடுக்கும் கோப்புகள் 2.6 என்று சேர்த்தால் 6.6 டிபி, அதனால் 8 போதும்.

நகல் எடுத்த விதம்

பழுதுள்ள டிஸ்க்கை நகலெடுக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ மென்பொருளை, எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்போடு ஓட்டினார்கள். முதல் சுற்றில் சிக்கலான இடங்களைச் சுரண்டாமல் தாண்டச் சொல்லும் விருப்பம். நன்றாக இருப்பதை எல்லாம் முதலில் எடுத்துவிடுவதற்காக. தொடக்கத்தில் வினாடிக்கு 150 எம்பியை ஒட்டி ஓடியது. வட்டின் உள்விளிம்பை நெருங்க நெருங்க வேகம் குறைவது இயல்பு. முழுதும் படிக்க 10 மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டு இரவில் விட்டார்கள், கம்ப்யூட்டரையும் டாக்கையும் ஒரே யூபிஎஸ்ஸில் போட்டு.

இரண்டு தடங்கல் வந்தன. டாக்கில் நிமிர்ந்து நிற்கும் டிஸ்க்குக்குக் காற்றோட்டம் கிடையாது. இரண்டு மணி நேரத்தில் 54 டிகிரி செல்சியஸ் காட்டியது. மேஜை ஃபேனைப் பக்கவாட்டில் வைத்ததும் 43க்கு இறங்கி அங்கேயே நின்றது. நீண்ட நகலுக்கு டாக் பயன்படுத்துகிறவர்கள் பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஃபேன் காற்று டிஸ்க்கின் மேல் பட வேண்டும். ஆனால் டாக்கை ஆட்டும்படி ஃபேனை வைக்கக் கூடாது.

அடுத்தது, படிக்க முடியாத இடத்தை எட்டியபோது டாக்கே துண்டித்துக்கொண்டது. டிஸ்க் அந்தச் செக்டரைத் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்க, யூஎஸ்பி பக்கம் பொறுமை தீர்ந்து ரீசெட் அனுப்பியது. மீண்டும் தெரிந்தபோது டிஸ்க்குக்கு வேறு சாதனப் பெயர் வந்திருந்தது. பழைய பெயரிலேயே கட்டளையை ஓட்டினால் ஒன்றும் கிடைக்காது. அந்தப் பெயரில் வேறு டிஸ்க் வந்திருந்தால் இன்னும் மோசம். அதனால் வரிசை எண்ணைக் கொண்ட நிலையான பெயருக்கு மாற்றிக்கொண்டு, மேப் கோப்பை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். யூஏஎஸ் என்ற வேகமான யூஎஸ்பி முறையை அந்த டாக்குக்கு மட்டும் அணைத்துப் பழைய யூஎஸ்பி ஸ்டோரேஜ் முறையில் ஓட்டியதில் துண்டிப்பு குறைந்தது, நிற்கவில்லை.

முதல் சுற்று முடிந்ததும் டிஸ்க்கை டாக்கிலிருந்து எடுத்து மதர்போர்டின் சாட்டாவில் நேராக மாட்டினார்கள். இடையில் பிரிட்ஜ் சிப் இல்லாததால், படிக்க முடியாத இடத்தில் டிஸ்க் பிழையை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தது. மூன்று மறுமுயற்சி சுற்றில் இரண்டு இடங்களில் ஒன்று கிடைத்தது.

விளைவு

இமேஜை 4096 பைட் செக்டர் அளவு குறிப்பிட்டு, படிக்க மட்டும் என்ற விருப்பத்தோடு லூப் சாதனமாக, அதாவது கோப்பையே டிஸ்க் போலக் காட்டும் முறையில் இணைத்தார்கள். லினக்ஸ் கெர்னல் 4.14இலிருந்து இந்த வசதி உண்டு. இணைத்த உடனே ஒரே பார்ட்டிஷன், முழு அளவில். திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் பெயரோடும் தேதியோடும் இருந்தன.

படிக்க முடியாமல் போன 4096 பைட் எந்தக் கோப்பில் விழுந்தது என்பதை என்டிஎஃப்எஸ்கிளஸ்டர் கருவியால் கண்டார்கள். ஒரு வரவேற்பு வீடியோ. ஓட்டிப் பார்த்தபோது ஓரிடத்தில் அரை நொடி கட்டம் கட்டமாகச் சிதறியது, மற்றது சுத்தம். உரிமையாளர் அந்தக் கோப்பின் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டார்.

மற்ற நான்கு டிஸ்க்குகளும் ஒவ்வொன்றாக, சரியான மின்சாரத்தில், டாக்கில் ஒரு நேரத்தில் ஒரே டிஸ்க் என்று படிக்கப்பட்டன. அறுந்த நகல் எடுத்துக்கொண்டிருந்த 1 டிபி டிஸ்க்குக்கும் எந்தச் சேதமும் இல்லை.

மாற்ற வேண்டியவை

கேசிங்கிலிருந்து டிஸ்க்கை உருவுமுன், போர்டு நல்ல நிலையில் இருக்கும்போதே அதன் வழியாக நகல் எடுத்துவிட வேண்டும். உருவிய பிறகு போர்டை டிஸ்க்கோடு ஒரே பையில் வைக்க வேண்டும். 2.5 அங்குல எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் சிலவற்றில் உள்ளே சாட்டா முனையே இருக்காது, யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் சொந்த மின்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றை டாக்குக்காகப் பிரிப்பது வீண்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கேசிங்கிலிருந்து உருவிய புதிய பெரிய டிஸ்க்குகள் சில டாக்கில் ஓடும், கம்ப்யூட்டருக்குள் மாட்டினால் சுழலவே சுழலாது. சாட்டா பவரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் 'அணைந்திரு' என்று எடுத்துக்கொள்ளும் வசதி அவற்றில் உண்டு. டாக்குகள் பெரும்பாலும் 3.3 வோல்ட் தருவதில்லை, கம்ப்யூட்டரின் பவர் சப்ளை தரும். பவர் சப்ளையின் பழைய நான்கு பின் மோலெக்ஸ் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் போட்டால் தீரும், அதில் 3.3 வோல்ட் கம்பி கிடையாது. ஆனால் முனை முழுக்க ஒரே பிளாஸ்டிக்காக வார்க்கப்பட்ட மலிவு கேபிள்கள் உருகித் தீப்பற்றிய கதைகள் நிறைய. கம்பியை அழுத்திப் பொருத்திய வகையே நல்லது.

பழைய டிஸ்க்கைச் செருகுமுன் விண்டோஸில், செருகிய டிஸ்க்கைத் தானாகத் திறக்கும் ஆட்டோமவுன்ட்டை அணைப்பது நல்லது. செருகியதும் பார்க்க வேண்டியது கொள்ளளவு. ஸ்டிக்கரில் போட்ட அளவோடு ஒத்துப்போகாவிட்டால், அல்லது பார்ட்டிஷன் எட்டில் ஒரு பங்கோ எட்டு மடங்கோ தெரிந்தால், ஃபார்மட், இனிஷியலைஸ், ஸ்கேன், ரிப்பேர் என்று எது கேட்டாலும் மறுத்துவிட்டு அணைக்க வேண்டும். இனிஷியலைஸ் என்பது வெறும் தயார்ப்படுத்தல் போலக் கேட்கும். அது பழைய பார்ட்டிஷன் அட்டவணையின் மேலேயே எழுதும்.

ஸ்டூடியோவில் டாக்கின் அடாப்டர் மீது 'டாக் – 12 வோல்ட், 3 ஆம்பியர்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். குளோன் பட்டனின் மேல் தடித்த டேப் போட்டாயிற்று. இரண்டாவது 8 டிபி டிஸ்க் ஒன்று வாங்கி, நகலோடு உரிமையாளர் வீட்டில் இருக்கிறது. இரண்டு 8 டிபி டிஸ்க்கும் நேரடிச் சாட்டாவில் ஜிபிடி முறையில் ஃபார்மட் செய்யப்பட்டன. வேலைக்கு எடுக்குமுன் ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை எழுதி, டாக்கிலும் நேரடி இணைப்பிலும் மாறி மாறிச் செருகி, இரண்டிலும் அதே அளவு காட்டுகிறதா, கோப்பு திறக்கிறதா என்று பார்த்த பிறகே படங்களை ஏற்றத் தொடங்கினார்கள்.